பெயர்த்து நட்ட மலைக்கள்ளிகள்: ஒரு மீட்பு முயற்சியின் நான்கு ஆண்டுகள்

பின்னணி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு மேற்கே, ராக்கி மலைத்தொடர் எழும்பத் தொடங்கும் பகுதியில் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த நிலம். பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி வீடு கட்டிக்கொள்ள வாங்கியது. தெற்கு பார்த்த சரிவு. மேலே பொன்டரோசா பைன் மரங்கள், இடையில் திட்டுத் திட்டாகக் குட்டைப் புல். மண் என்று சொல்ல அதிகம் இல்லை. இளஞ்சிவப்புக் கிரானைட் பாறை காலங்காலமாக உதிர்ந்து சரளையாகக் கிடக்கிறது.

மே மாதக் கடைசியில் வண்டிப்பாதைக்கு முளைக்குச்சி அடித்திருந்த இடத்தைப் பார்க்கப் போன அந்த அம்மா, காலடியில் ரோஜா நிறப் பூக்களைக் கண்டார். குனிந்து பார்த்தால் கள்ளி. ஒன்றல்ல, குச்சி வரிசை நெடுக. ஜூலை முதல் வாரம் மண் அள்ளும் இயந்திரம் வருவதாக இருந்தது. ஒரு தோட்ட நண்பர் மூலம் எங்களுக்குச் செய்தி வந்தது. நாங்கள் என்றால் நான்கு பேர்: ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, தோட்டம் அமைத்துத் தருவதைத் தொழிலாகச் செய்பவர், தாவரவியல் படிக்கும் கல்லூரி மாணவி, நான். அமைப்பு, பதிவு என்று எதுவும் கிடையாது. கள்ளிச் செடிகள் மேல் பிரியம் உள்ளவர்கள், அவ்வளவுதான்.

முதல் ஆண்டு முடிவில் நாங்கள் இதை ஒரு வெற்றி என்று எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். அது தவறு. அதைத் திருத்தவே இந்தக் குறிப்பு.

செடியைப் பற்றி

கள்ளி என்றதும் நமக்கு நினைவு வரும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம்; கிள்ளினால் பால் வடியும். வேலியோரச் சப்பாத்திக்கள்ளிதான் இந்தச் செடிக்கு உறவு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்ததே.

இங்கே பேசப்படுவது பீடியோகாக்டஸ் சிம்ப்சோனி. ஆங்கிலத்தில் மலைப்பந்து என்று பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். நானும் மலைப்பந்துக் கள்ளி என்றே எழுதுகிறேன். 1859இல் யூட்டாவின் வறண்ட நிலப்பரப்பைக் கடந்து பாதை தேடிய ராணுவப் பொறியாளர் ஜேம்ஸ் சிம்ப்சனின் பயணத்தில் இந்தச் செடி சேகரிக்கப்பட்டது. 1863இல் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கல்மான் அதை விவரித்துச் சிம்ப்சனின் பெயரை வைத்தார். 1913இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் பீடியோகாக்டஸ் என்ற பேரினத்துக்கு அதை மாற்றினார்கள். அந்தப் பெயருக்குச் சமவெளிக் கள்ளி என்று பொருள். 3,000 மீட்டருக்கு மேலும் வளரும் செடிக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது.

கைப்பிடிக்குள் அடங்கும் உருண்டை. பல கள்ளிகளுக்கு இருப்பது போல மேலிருந்து கீழாக ஓடும் விளிம்புகள் கிடையாது. முண்டு முண்டாகச் சுருள் வரிசையில் அடுக்கியிருக்கும், ஒவ்வொரு முண்டின் நுனியிலும் முள் கொத்து. பூக்கள் உச்சியில் நெருக்கமாக வரும். இளஞ்சிவப்பு, வெள்ளை, சில இடங்களில் மஞ்சள்.

இந்தச் செடியின் வாழ்க்கை குளிர்காலத்தைச் சுற்றி அமைந்தது. இலையுதிர் காலம் வந்ததும் உடலிலுள்ள நீரைக் குறைத்துக்கொண்டு சுருங்கி, பாதி மண்ணுக்குள் இறங்கிவிடும். நீர் குறைந்து சாறு கெட்டிப்பட்டால்தான் உறைபனியில் திசு கிழியாது. பனி உருகும் ஈரத்தில் மறுபடி உப்பி, அந்த வேகத்திலேயே பூக்கும். கோடை வெயில் ஏறியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வசந்தமும் இலையுதிர் காலமும்தான் அதற்கு வேலை நாட்கள். பாலைவனச் செடி என்று நினைத்துக் கையாள்கிறவர் தவறு செய்வது இங்கேதான். நாங்களும் செய்தோம்.

முதல் பார்வை

ஜூன் முதல் வாரம் போனோம். குச்சிகளுக்கு இடையே 58 செடிகளை எண்ணினோம். பெரியவை ஆரஞ்சுப் பழ அளவு. ஆறேழு செடிகள் நாணய அளவு. பூ முடிந்து காய் பிடித்திருந்தது. காய் முற்றினால் பக்கவாட்டில் வெடித்து விதை அங்கேயே சிந்தும்.

அன்று நடந்த ஓர் உரையாடலை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். நில உரிமையாளர் கேட்டார்: “பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிப் பார்க்கவா?” வரைபடம் ஒப்புதலாகிவிட்டது, இயந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று எங்களுக்குத் தோன்றியது. “வேண்டாம், நாங்கள் பெயர்த்து வைத்துவிடுகிறோம்” என்றோம். அதைச் சொன்னது நான்தான். மற்ற மூவரும் தலையசைத்தார்கள். அரை நிமிடத்தில் முடிந்த பேச்சு.

முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். வேலிக்கு அப்பால் இருப்பது தேசிய வனம்; அங்கே அனுமதியின்றிச் செடி எடுக்கக் கூடாது. அதனால் எடுப்பதும் நடுவதும் வேலிக்குள்ளேயே என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

எல்லாச் செடிகளையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரு விபத்தில் எல்லாம் போய்விடும் என்று பயந்தோம். எனவே பெரும்பகுதியை அதே சரிவில், பாதையிலிருந்து 60 மீட்டர் மேலே நடுவது. மீதியை 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வருக்குக் கொண்டுபோய், ஒரு பங்கைத் தோட்டக்காரர் வீட்டுத் திறந்தவெளிச் சரளைப் பாத்தியிலும் ஒரு பங்கை ஆசிரியை வீட்டுக் கண்ணாடித் தாழ்வாரத்தில் தொட்டிகளிலும் வளர்ப்பது என்று முடிவு செய்தோம். தொட்டி யோசனையின் பின்னால் இருந்தது பாசம். கண் முன்னால் இருந்தால் கவனித்துக்கொள்ளலாம் என்று ஆசிரியை விரும்பினார். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது.

மாணவி ஒன்று கேட்டார்: முற்றிய காய்களிலிருந்து விதை எடுத்து வைக்கலாமா? எடுக்கலாம் என்றோம். அதை முக்கியமான வேலையாக யாரும் நினைக்கவில்லை.

பெயர்த்த நாட்கள்

ஜூன் மூன்றாம் வாரம் முதல் நாள். பெயர்க்கும் முன் ஒவ்வொரு செடியிலும் தெற்குப் பக்க முள் ஒன்றில் வெள்ளைச் சாயம் வைத்தோம். நிழல்பட்டே பழகிய பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி நட்டால் தோல் வெந்துவிடும் என்பதால். இது சரியாகச் செய்த வேலை. வெயில் காயம் பட்ட செடி ஒன்றுகூட இல்லை.

வேர்தான் எதிர்பாராதது. உருண்டைக்கு நேர் கீழே ஆணிவேர் இருக்கும் என்று நினைத்துத் தோண்டினோம். மெல்லிய நார் வேர்கள் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, பாறை வெடிப்புகளுக்குள் நுழைந்திருந்தன. கடப்பாரையை எவ்வளவு பதமாகப் போட்டாலும் அறுந்தன. ஆறு செடிகள் அடிப்பக்கம் பிய்ந்து அன்றே வீணாயின. அந்த வாரம் எடுத்தவற்றில் மீதி 38 செடிகளின் வேரிலிருந்து மண்ணை உதறிவிட்டு, காயம் ஆற ஒரு வாரம் நிழலில் காய வைத்தோம். வீட்டுக் கள்ளிகளுக்கு வழக்கமாகச் செய்வது அதுதான்.

அடுத்த வாரம் திரும்பிப் போனபோது பாதைக்குள் இன்னும் 14 செடிகள் இருந்தன. புல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சிறியவை. எடுப்பது கடினம் என்று தள்ளிப் போட்டிருந்தோம். முந்தைய இரவு மழை பெய்து சரளை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உதறாமல், சுற்றிலும் ஒரு சாண் விட்டு, புல்லோடும் மண்ணோடும் அப்படியே தூக்கலாம் என்று மாணவி சொன்னார். அகலமான மண்வாரியில் ஏந்தி, சாக்கில் வைத்துச் சுமந்துபோய் அன்றே நட்டோம்.

ஆக மேல் சரிவில் 34 செடிகள் (வேர் உதறியவை 20, மண்ணோடு வந்தவை 14), நகரப் பாத்தியில் 10, தொட்டியில் 8.

முதல் குளிர்காலமும் முதல் பூவும்

அந்தக் குளிர்காலத்தில் மலையில் பனி நன்றாக மூடியிருந்தது. உறைந்து இளகும் மண் இரண்டு செடிகளை வெளியே தள்ளிவிட்டது. ஒன்றைப் பனிக்கு அடியில் வயல் எலி தின்றுவிட்டது. நகரப் பாத்தியில் ஒரு செடி போனது. தொட்டிகளில் எட்டும் இருந்தன. கண்ணாடித் தாழ்வாரத்தில் வெப்பமூட்டி இல்லை என்றாலும் பகல் வெயிலில் அது நன்றாகவே சூடேறும். மலையில் பனி கிடந்த மார்ச் மாதத்திலேயே தொட்டிச் செடிகள் பூத்துவிட்டன. ஆசிரியை படம் எடுத்து அனுப்பினார். நாங்கள் மகிழ்ந்து போனோம்.

மே மாதம் மலைக்குப் போனபோது அங்கேயும் பூ. கணக்கு இது: 52 செடிகளில் 48 உயிரோடு, அவற்றில் 37 பூத்திருந்தன. நில உரிமையாளர் தம்பதி தேநீர் கொண்டுவந்தார்கள். அன்று இரவே வெற்றி அறிக்கையை எழுதினேன்.

அந்தப் பூக்கள் வேர் பிடித்ததன் அடையாளம் அல்ல. கள்ளி தன் உடலில் சேர்த்து வைத்த நீரையும் உணவையும் கொண்டு, புது வேர் இல்லாமலேயே ஒரு முறை பூத்துவிட முடியும். நாங்கள் பார்த்தது முந்தைய ஆண்டின் சேமிப்பு செலவாவதை. அதற்கான அறிகுறி அன்றே கண் முன்னால் இருந்தது: பக்கத்தில் யாரும் தொடாத செடிகள் பனி ஈரம் குடித்து இறுகி உப்பியிருந்தன, நாங்கள் நட்டவற்றில் பல, பூவோடு இருந்தும் தோல் சுருங்கி, விரலால் தொட்டால் ஆடின. அன்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் தொட்டோம்.

இரண்டாம் ஆண்டு

தொட்டிகள் முதலில் போயின. ஜூலையில் செடிகள் சுருங்குவதைப் பார்த்து ஆசிரியை தண்ணீர் ஊற்றினார். கோடையில் வளர்ச்சி நின்றிருக்கும் செடி அந்த நீரை எடுக்கவில்லை. மலை போல இரவில் குளிரும் வசதியும் இல்லாமல் சூடான ஈர மண்ணில் அடி அழுகியது. மூன்று வாரத்தில் ஏழு செடிகள். மிஞ்சிய ஒன்றின் முண்டுகள் வெளிறி நீண்டு, மலையில் பார்த்த செடிதானா என்று சந்தேகம் வரும்படி இருந்தது. ஆசிரியை பல நாட்கள் எங்களோடு பேசவில்லை. குற்றம் அவருடையது மட்டும் அல்ல. வெப்பத்தில் பூத்ததைக் கண்டு கைதட்டியவர்கள் நாங்கள்.

நகரப் பாத்தியில் வேறு பிரச்சினை. டென்வரின் குளிர்காலத்தில் பனி நிலைத்து நிற்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்று ஜனவரியிலும் ஒரே நாளில் பனியை உருக்கிவிடும். அடுத்த இரவு கடுமையாக உறையும். அந்த மாற்றத்தில் அரைகுறை வேரோடு இருந்தவை தாங்கவில்லை.

மலையில் ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல் இடிமழை சில செடிகளை அழுக வைத்தது. ஒரு நாள் ஆலங்கட்டியும் விழுந்தது. இறந்தவற்றைத் தோண்டிப் பார்த்தோம். வேர் உதறி நட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டுக்குப் பின்னும் புது வேரே இல்லை.

இரண்டாம் வசந்தத்தில் மலையில் 19, பாத்தியில் 4, தொட்டியில் 1 மிஞ்சின. அந்த முறைதான், ஒப்பிட்டுப் பார்க்க என்று தொடாத செடிகள் 20ஐக் குறித்து வைத்தோம். முதல் ஆண்டே செய்திருக்க வேண்டியது.

மூன்றாம் ஆண்டில் தெரிந்தது

மூன்றாம் குளிர்காலத்தில் மாணவி இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு கள்ளியின் வரலாற்றைக் கொண்டுவந்து காட்டினார். நியூ மெக்சிகோவில், கொலராடோ எல்லையை ஒட்டி மிகச் சிறிய இடத்தில் மட்டும் வாழும் பீடியோகாக்டஸ் நோல்டோனி. நவாஹோ அணையின் நீர்த்தேக்கம் அந்த இடத்தை மூழ்கடித்துவிடும் என்று நம்பிய கள்ளி ஆர்வலர்கள், 1960இல் நல்லெண்ணத்தோடு அங்கிருந்த செடிகளைப் பெரும் அளவில் தோண்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் அந்த இடத்துக்கு வரவே இல்லை. 1979இல் அமெரிக்க அரசு அந்த இனத்தை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நம் செடி அவ்வளவு அரிதானதல்ல, பல மாநிலங்களில் பரவியிருப்பது. ஆனால் பெயர்த்தால் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை அதே நம்பிக்கைதான்.

அந்த வசந்தத்தில் நில உரிமையாளரோடு பாதையை நடந்து அளந்தோம். வளைவை நான்கு மீட்டர் மேலே தள்ளியிருந்தால் 19 செடிகளுக்கு எந்தத் தொந்தரவும் வந்திருக்காது. பாதை போட்டவரிடமும் உரிமையாளர் கேட்டார். தோண்டத் தொடங்கும் முன் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன், அரை நாள் வேலை என்றாராம்.

விதைகள்

கவனிக்காமல் விட்ட இந்தப் பகுதிதான் நன்றாக நடந்தது. மாணவி எடுத்து வைத்தது சுமார் 400 விதை. பாதியை முதல் ஆண்டு அக்டோபரிலேயே மலையில் ஆறு சிறு சதுரங்களில் தூவி, மேலே மெல்லிய சரளை போட்டார். மீதியில் ஒரு சிறு பங்கை மற்ற கள்ளிகளைப் போலவே சமையலறை ஜன்னலில், நெகிழி மூடிக்கு அடியில் கதகதப்பாக விதைத்தார். மூன்று மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. வெறுத்துப்போய் அந்தத் தொட்டியைக் கொல்லைப்புறத்தில், வடக்குச் சுவர் ஓரமாக வைத்துவிட்டார்; மிச்ச விதைகளின் தட்டுகள் ஏற்கெனவே அங்கே பனியில் கிடந்தன. ஏப்ரலில் தட்டுகளோடு சேர்ந்து அந்தத் தொட்டியிலும் பச்சைப் புள்ளிகள் வந்தன. இந்த விதைக்கு ஈரத்தோடு சேர்ந்த நீண்ட குளிர் வேண்டும். ஒரு குளிர்காலம் போதாமல், பல விதைகள் இரண்டாவது குளிருக்குப் பிறகே முளைத்தன. முதல் வசந்தத்தில் தட்டைக் கவிழ்த்திருந்தால் பாதிக்கு மேல் இழந்திருப்போம்.

நான்காம் ஆண்டில் தட்டுகளில் 38 நாற்றுகள், பெரியவை சுண்டைக்காய் அளவு. மலைச் சதுரங்களில் முதல் வசந்தத்தில் ஒன்றும் இல்லை, இப்போது 11. அவை எல்லாமே புல் தூரின் நிழலிலோ கல்லின் வடக்குப் பக்கத்திலோ இருக்கின்றன. திறந்த சரளையில் ஒன்றுகூட இல்லை.

நான்காம் ஆண்டின் நிலை

பெயர்த்தவற்றில் மலையில் 13, நகரப் பாத்தியில் 3. தொட்டியில் இல்லை. 58இல் மொத்தம் 16. ஒப்பிடக் குறித்து வைத்த 20 செடிகளில் 19 நலமாக உள்ளன.

மலையில் மிஞ்சிய 13இல் 9 மண்ணோடு வந்தவை, 4 வேர் உதறியவை. மண்ணோடு எடுப்பதே நல்லது என்று இதிலிருந்து சொல்லத் தோன்றும்; நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த 14 செடிகளும் சிறியவை, புல்லோடு சேர்ந்தே வந்தவை, காயாமல் அன்றே நடப்பட்டவை. இவற்றில் எது காப்பாற்றியது என்று எங்கள் எண்ணிக்கையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபடி செய்தால்

முதலில் பாதையைப் பற்றிப் பேசுவோம். உரிமையாளர் தானாகவே கேட்டார். அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். முளைக்குச்சியைப் பிடுங்கி நடுவது செடியைப் பிடுங்கி நடுவதைவிட எளிது.

தவிர்க்கவே முடியாதவற்றை, இயந்திரத்தின் நாளைப் பார்த்து ஜூனில் எடுக்காமல், முடிந்தால் பனி உருகியதும் எடுப்போம். இல்லையென்றால் கோடை தணிந்து உறைபனி தொடங்கும் முன், செப்டம்பர் தொடக்கத்தில். மண்ணை உதற மாட்டோம். புல் தூரையும் சேர்த்தே எடுப்போம். நகரத்துக்கு ஒரு செடியும் கொண்டுபோக மாட்டோம். எது நடந்தாலும் முதலில் விதை எடுப்போம், அதையே முதன்மை வேலையாக வைத்துக்கொள்வோம்.

கணக்கு எடுக்கும் முறையையும் மாற்றியிருக்கிறோம். பூவை எண்ணுவதில்லை. பனி உருகியபின் செடி உப்பியதா, தொட்டால் உறுதியாக நிற்கிறதா, உச்சியில் புது முண்டு வந்ததா என்ற மூன்றையும் பக்கத்திலுள்ள தொடாத செடியோடு வைத்துப் பார்க்கிறோம். மூன்று வசந்தம் தாண்டாமல் பிழைத்தது என்று எழுதுவதில்லை. முதல் அறிக்கை போய்ச் சேர்ந்த எல்லோருக்கும் இந்தத் திருத்தத்தை அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்து வேறு யாராவது கடப்பாரையோடு கிளம்பியிருப்பார்களோ என்ற கவலை மட்டும் இன்னும் இருக்கிறது.

வரும் ஏப்ரலில் பனி உருகியதும் தட்டிலுள்ள நாற்றுகளில் 20 மலைக்குத் திரும்புகின்றன. இந்த முறை தட்டுகளைப் பார்த்துக்கொள்வது ஆசிரியைதான். குளிர்காலம் முழுதும் வெளியிலேயே வைத்திருக்கிறார். நடுவதற்கான இடங்களைப் புல் தூர்களின் வடக்கு ஓரமாகத் தேடி, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கல் வைத்துக் குறித்திருக்கிறார் அந்த நிலத்து அம்மா.